நெட்டையும் குட்டையும் லாங்க்மாரும்

ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. கொஞ்சம் நீளம்தான். காபியோ டீயோ கலந்து எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

கொசுவத்திச் சுருளைச் சுற்றுகிறேன். வருஷம் 1998. தில்லியில் வெங்காய விலை ஏறி ஆட்சியே மாறிய வருஷம். வேலை கிடைத்து, ஜி.டி. எக்ஸ்பிரஸில் ரெண்டு ராத்திரி உட்கார்ந்து, ஒரு சூட்கேஸும் அம்மா கட்டிக்கொடுத்த புளிக்காய்ச்சலுமாக வந்து இறங்கினேன். முனிர்க்காவில் ஒரு பர்சாத்தி. தெரியாதவர்களுக்கு: மொட்டைமாடியில் ஒற்றை அறை, பக்கத்தில் ஒரு கழிவறை, அதற்குப் பெயர் பர்சாத்தி. மே மாதம் அடுப்பு, ஜனவரியில் ஃப்ரிட்ஜ். வாடகையைப் பாதியாக்க ஓர் அறைத்தோழன் வேண்டியிருந்தது. மலை மந்திரில் பிரசாத வரிசையில் நிற்கும்போது முன்னால் நின்றவனிடம் பேச்சுக் கொடுத்தேன். நாகர்கோவில்காரன். ஆறடி ரெண்டங்குலம். நான் அஞ்சடி மூணு. அவன் முதுகைத் தவிர எனக்கு சந்நிதி எதுவும் தெரியவில்லை, அதைச் சொல்லித்தான் பேச்சையே ஆரம்பித்தேன். "அதுக்கென்ன மக்கா, முன்னால வந்து நில்லு" என்றான். அடுத்த வாரம் பெட்டியோடு வந்துவிட்டான். அவன் பெயர் இங்கே வேண்டாம். நெட்டையன் என்றே வைத்துக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்களுக்கு தரியாகஞ்ச். நடைபாதை முழுக்கப் பழைய புத்தகம் பரப்பியிருப்பார்கள். (2019-ல் அங்கிருந்து எழுப்பி மகிளா ஹாட் வளாகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பழைய தூசி வாசம் இல்லாமல் எனக்கு அங்கே ஒட்டவே இல்லை, அது வேறு கதை.) 1999-ல் ஒரு குளிர்கால ஞாயிறு அங்கே ரெண்டு ஒல்லிப் புத்தகங்கள் மாட்டின. இருபது இருபது ரூபாய். ஃபிரிட்ஸ் லைபர் என்று ஒருவர் எழுதியது. ஒன்று 'ஸ்வோர்ட்ஸ் அண்ட் டெவில்ட்ரி', இன்னொன்று 'ஸ்வோர்ட்ஸ் இன் த மிஸ்ட்'. அட்டையில் ஒரு நெட்டையனும் ஒரு குட்டையனும் வாளோடு நின்றார்கள். "மக்கா, இது நாமதான்டே" என்று அவன் சிரித்தான். நாற்பது ரூபாய் கொடுத்து வாங்கினோம். ஆளுக்கு இருபது. இந்தக் கணக்கு பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கதை இதுதான். நெவோன் என்று ஓர் உலகம். ஆங்கிலத்தில் 'எந்தக் காலத்திலும் இல்லை' என்று பொருள் வரும் ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டு வைத்த பெயர். அதில் லாங்க்மார் என்று ஒரு மாநகரம். புகை, மூடுபனி, சந்துகள், குடிக்கடைகள், கோயில்கள், திருடர்களுக்கென்று முறைப்படி ஒரு சங்கம். அந்த ஊருக்குப் பிழைக்க வந்த ரெண்டு பேர்தான் நாயகர்கள். ஒருவன் ஃபாஃபர்ட், வடக்கே பனிப்பாழில் பிறந்தவன், அம்மா மந்திரக்காரி, ஆள் மலை மாதிரி, பாட்டும் பாடுவான். இன்னொருவன் கிரே மௌசர், சின்ன உருவம், சாம்பல் நிற உடை, கொஞ்ச நாள் ஒரு மந்திரவாதியிடம் எடுபிடியாக இருந்தவன், வாய் ஜாஸ்தி. மௌசர் என்றால் எலி பிடிக்கும் பூனை. அன்றிலிருந்து முனிர்க்காவில் என் பெயர் பூனை.

ரெண்டு பேரும் நல்லவர்கள் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். திருடுவார்கள், குடிப்பார்கள், கூலிக்கு வாள் சுழற்றுவார்கள். உலகத்தைக் காப்பாற்றும் உத்தேசம் கிடையாது, வாடகைப் பணம் கிடைத்தால் போதும். டோல்கீன் கதைகளில் ஒரு மோதிரத்துக்காக ராஜ்யங்களே நடுங்கும். இவர்களுக்கு அந்த மோதிரம் கிடைத்திருந்தால் அடகுக்கடைக்குப் போயிருப்பார்கள். நம் வந்தியத்தேவனிடம் அந்தக் குறும்பு கொஞ்சம் உண்டு, ஆனால் அவனுக்கு இளவரசர் கொடுத்த ஓலை இருக்கிறது. இவர்களுக்கு ஓலையும் இல்லை, இளவரசரும் இல்லை. முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் என்று நேர்மையான மாயாவிகளோடு வளர்ந்த எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. பர்சாத்தியில் ஒற்றை ஸ்டவ்வோடு இருப்பவனுக்கு லட்சிய வீரன் எதற்கு?

முதல் புத்தகத்தில் இருக்கும் 'இல் மெட் இன் லாங்க்மார்' (1970) என்ற நெடுங்கதையில்தான் ரெண்டு பேரும் சேருகிறார்கள். திருடர் சங்கத்து ஆட்கள் இருவர் நகையைத் திருடிக்கொண்டு சந்தில் வருகிறார்கள். அவர்களிடமிருந்து திருட இவன் ஒரு மூலையிலும் அவன் ஒரு மூலையிலும், ஒருவருக்கொருவர் தெரியாமல் பதுங்கியிருக்கிறார்கள். பாய்ந்தபின்தான் எதிரே இன்னொருத்தன் நிற்பது தெரிகிறது. சண்டை போட்டிருக்கலாம். பங்கு போட்டுக்கொண்டு குடிக்கப் போகிறார்கள். வீட்டில் இருவருக்கும் காதலிகள், வ்லானாவும் ஐவ்ரியனும். போதை தலைக்கேற, வீரம் பேசி, பிச்சைக்காரர் வேஷம் போட்டுக்கொண்டு திருடர் சங்கத்துக் கட்டடத்துக்கே வேவு பார்க்கக் கிளம்புகிறார்கள் இந்த முட்டாள்கள். திரும்பி வரும்போது அந்த ரெண்டு பெண்களும் உயிரோடு இல்லை. சங்கத்து மந்திரவாதி ஏவிய எலிகள். அதுவரை சிரிக்கச் சிரிக்கப் போன கதை அந்தப் பக்கத்தில் அப்படியே நின்றுவிடும். அதற்குப் பிறகு பழி வாங்குகிறார்கள், ஆனால் அதில் வெற்றி என்று சொல்ல ஒன்றுமில்லை. ஊரைவிட்டே போகிறார்கள். இந்தக் கதைக்கு ஹ்யூகோ, நெபுலா ரெண்டு விருதும் கிடைத்தன.

அன்று ராத்திரி நான் படித்துக் காட்ட அவன் படுத்துக்கொண்டே கேட்டான். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "நாம எதுக்கும் குடிச்சிட்டு வெளிய போவண்டாம்" என்றான். ரெண்டு பேருக்கும் அப்போது காதலியே கிடையாது என்பது உபரித் தகவல்.

இந்தக் கதைகளுக்குப் பின்னால் இருப்பதுதான் எனக்கு இன்னும் பிடித்த கதை. ஃபாஃபர்டையும் மௌசரையும் லைபர் தனியாக உருவாக்கவில்லை. அவருக்கு ஹாரி ஃபிஷர் என்று ஒரு நண்பர். லைபர் சிகாகோக்காரர், நாடகக் குடும்பம், ஆறடிக்கு மேல் உயரம். ஃபிஷர் கெண்டக்கி மாநிலத்து லூயிவில்காரர், குள்ளம். வெவ்வேறு ஊரில் இருந்துகொண்டு பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதுவார்கள். 1934-ல் ஃபிஷர் எழுதிய ஒரு கடிதத்தில்தான் இந்த நெட்டையும் குட்டையும் முதல் முதலாக நடந்து வந்தார்கள். நெட்டையன் லைபர், குட்டையன் தான் என்று வைத்து விளையாட்டாக எழுதியது. இவர் பதில் எழுத, அவர் பதிலுக்கு எழுத, ஓர் ஊரே எழும்பிவிட்டது. 1937 வாக்கில் இருவரும் லாங்க்மாரை வைத்துப் பலகை விளையாட்டு ஒன்றுகூடச் செய்தார்கள். அதன் ஒரு வடிவம் ரொம்பப் பின்னால், 1976-ல், கடைக்கு வந்தது.

அச்சில் முதல் கதை வந்தது 1939 ஆகஸ்டில், 'அன்னோன்' என்ற பத்திரிகையில். அப்புறம் லைபர் எழுத்தாளர் ஆனார், ஃபிஷர் அட்டைப்பெட்டித் தொழிலுக்குப் போனார். நெளிநெளியாக இருக்குமே, அந்த அட்டைப்பெட்டிதான். வாழ்நாளில் பெரும்பகுதி அந்த வேலை. நம்மைப் போல ஒருத்தர். ஃபிஷர் 1936-ல் 'லார்ட்ஸ் ஆஃப் குவார்மால்' என்று ஒரு கதையைத் தொடங்கி, சுமார் 10,000 சொற்களோடு விட்டுவிட்டார். லைபர் அதைத் தூக்கிப் போடவில்லை. நண்பன் எழுதியதை உள்ளே வைத்துக்கொண்டே மீதியை எழுதி முடித்து 1964-ல் வெளியிட்டார். இருபத்தெட்டு வருஷம்! நான் யாருக்காவது ஒரு மெயிலுக்கு இருபத்தெட்டு நாள் கழித்துப் பதில் போட்டால்கூட வெட்கமாக இருக்கும், அதனால் போடாமலே விட்டுவிடுவேன்.

இந்த வகைக் கதைகளுக்கு 'வாளும் மந்திரமும்' என்ற அர்த்தத்தில் ஆங்கிலப் பெயர் சூட்டியதும் லைபர்தான், 1961-ல். மைக்கேல் மூர்காக் என்ற இன்னொரு எழுத்தாளர் இதற்கு ஒரு பெயர் வேண்டுமே என்று கேட்டதற்கு இவர் கொடுத்தது. அந்த வகையில் லைபருக்கு முன்னால் ராபர்ட் ஹோவர்டின் கோனன் இருக்கிறான், 1932-லிருந்து. கோனன் பெரும்பாலும் ஒண்டிக்கட்டை. எதிரே வருபவனை வெட்டுவான், அடுத்த ஊருக்குப் போவான். லைபர் செய்த வித்தியாசம் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தியதுதான். பக்கத்தில் ஆள் நின்றால் பேச வேண்டும், கேலி செய்ய வேண்டும், கடன் கொடுக்க வேண்டும், கோபித்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் நாலு பேர் கூட்டுச் சேர்ந்து கொள்ளையடிக்கப் போவதில் லைபரின் சாயல் நிறைய. அதை உருவாக்கிய கைகாக்ஸ் 1979-ல் தனக்கு ஊக்கம் தந்தவர்கள் என்று போட்ட பட்டியலில் லைபர் பெயரும் உண்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றியதே இதைத் தள்ளிப்போடத்தான் என்று உங்களில் சிலருக்குப் புரிந்திருக்கும்.

ரெண்டாவது புத்தகத்தில் 'லீன் டைம்ஸ் இன் லாங்க்மார்' என்று ஒரு கதை, 1959-ல் வந்தது. பஞ்ச காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபாஃபர்டும் மௌசரும் பிரிந்துவிடுகிறார்கள். ஏன்? யாருக்கும் தெரியாது. ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அதில் ஒன்று, ஃபாஃபர்டின் பெயரை எப்படி எழுத வேண்டும் என்பதில் வந்த சண்டை! நடுவில் வரும் அந்த வாயில் நுழையாத எழுத்து தேவையில்லை என்கிறான் மௌசர், அதுதான் என் பெயர் என்கிறான் ஃபாஃபர்ட். (நான் தமிழில் அந்த எழுத்தை விழுங்கிவிட்டேன் பாருங்கள். என்ன இருந்தாலும் நான் மௌசர் கட்சி.)

பிரிந்தபின் ஃபாஃபர்ட் சாமியார் ஆகிவிடுகிறான். லாங்க்மாரில் கடவுளர் தெரு என்று ஒன்று உண்டு. புதிதாக வரும் சாமிகள் சதுப்புநில வாசல் பக்கம், ஊரின் கடைக்கோடியில் கடை விரிக்க வேண்டும். கூட்டம் சேரச் சேர ஒவ்வோர் இடமாக மேலே நகரலாம். கூட்டம் குறைந்தால் கீழே இறங்கிக் காணாமல் போக வேண்டியதுதான். அந்தத் தெருவில் ஜாடியின் இசெக் என்று ஓர் ஏழைச் சாமி, அதற்கு ஒரே ஒரு கிழப் பூசாரி. அவருக்குச் சீடனாகப் போய் ஃபாஃபர்ட் பாட்டும் கதையுமாகப் பொளந்துகட்ட, இசெக் கிடுகிடுவென்று மேலே வருகிறார். மௌசரோ அந்தத் தெருவில் பூசாரிகளிடம் மாமூல் வசூலிக்கும் புல்க் என்ற தாதாவிடம் வேலைக்குச் சேர்ந்து, தொப்பை வைத்து, சுகமாக இருக்கிறான். இசெக்குக்குக் காசு சேர்ந்தால் மாமூல் கேட்டு யார் வர வேண்டும்? மௌசர்தானே. நண்பன் அடிபடாமல் இருக்க, அவனுக்குச் சாராயம் ஊற்றி, தாடி தலைமுடியெல்லாம் மழித்து, கட்டிலோடு கட்டிப்போட்டுவிட்டுப் போகிறான். ஃபாஃபர்ட் கட்டிலோடு எழுந்து தெருவுக்கு வர, ஜனங்கள் சாமியே நேரில் வந்துவிட்டது என்று விழுந்து கும்பிட... மீதியை நீங்களே படியுங்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். கடைசியில் ரெண்டு பேரும் ஒரே படகில் ஊரைவிட்டுக் கிளம்புவார்கள். மன்னிப்பு, கண்ணீர், ஒன்றும் கிடையாது.

நானும் நெட்டையனும் 2004-ல் பிரிந்தோம்.

ஏன் என்று கேட்டவர்களுக்கு நானும் இத்தனை வருஷமாக ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறேன். அலுவலகத்தில், அவன் தேங்காயெண்ணெயில் சமைப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்றேன். ஊரில், அவனுக்கு வேறு பக்கம் வேலை கிடைத்தது என்றேன். தங்கமணியிடம், மதர் டெய்ரி டோக்கனுக்கு யார் காசு போடுவது என்று சண்டை என்றேன். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். நாளடைவில் எனக்கே அதுதான் காரணம் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

உண்மை இது. அந்த வருஷம் மார்ச்சில் அவன் அப்பாவுக்கு பைபாஸ் செய்ய வேண்டும் என்று ஊரிலிருந்து போன் வந்தது. அவன் என்னிடம் நாற்பதாயிரம் கேட்டான். ஆறு மாதத்தில் தந்துவிடுகிறேன் என்றான். ஆறு வருஷம் ஒரே அறையில் இருந்தவன், முதல் முறையாகக் கேட்டான். எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். தனி வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட எழுபத்தோராயிரம் சேர்த்து வைத்திருந்தேன். "இல்லைடா, கையில பத்தாயிரம்கூட இல்லை" என்றேன். முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். "சரி மக்கா, பாத்துக்கலாம்" என்றான்.

ரெண்டு நாள் கழித்து சாயங்காலம் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. நான் ஆபீஸில். கேஸ் புக் என் பிஸ்கட் டின்னில் இருக்கும், பாஸ்புக்கும் அதில்தான். நான் வந்தபோது புது சிலிண்டர் மாட்டியிருந்தது. டின்னைத் திறந்தேன். எப்போதும் அடியில் கிடக்கும் பாஸ்புக் மேலே, ரப்பர் பேண்டு போட்டு, நேராக வைத்திருந்தது. அவன் தோசை வார்த்துக்கொண்டிருந்தான். "சட்னி போதுமா?" என்று கேட்டான். அவ்வளவுதான். திட்டவில்லை, முகத்தைக்கூடத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஊருக்குப் போய்விட்டு வந்து, பத்து நாளில் வேறு இடம் பார்த்துக்கொண்டான்.

சாமான்களைப் பிரித்தோம். குக்கர் எனக்கு, டேபிள் ஃபேன் அவனுக்கு. ரெண்டு லைபர் புத்தகங்களில் அவன் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டான், மற்றது என்னிடம் நின்றது. இருவரும் சேரும் கதை என்னிடம், பிரியும் கதை அவனிடம். அப்போது அதெல்லாம் கவனிக்கிற மனநிலையில் யாரும் இல்லை. அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது என்று வேறொருவர் மூலம் கேள்விப்பட்டேன். போன் செய்யவில்லை. முதல் மாதம் வெட்கம். ஒரு வருஷம் ஆனதும், இவ்வளவு நாள் கழித்து என்ன சொல்லிப் பேசுவது என்ற தயக்கம். அதற்கப்புறம் பழக்கம்.

போன வருஷம் என் பையன் விளையாட்டு, டிராகன் என்று ஏதோ பேசப்போக, பழைய ஞாபகத்தில் மின்புத்தகமாக ஏழு தொகுதிகளையும் வாங்கினேன். பின்னால் எழுதிய கதைகளை அப்போதுதான் முதல் முறையாகப் படித்தேன். அதில் இருவருக்கும் வயசாகிறது! இந்த மாதிரிக் கதைகளில் வீரனுக்கு வயசாகவே ஆகாதே. இவர்கள் வடக்கே ஒரு தீவில் போய்த் தங்கிவிடுகிறார்கள். ஃபாஃபர்டுக்கு இடதுகை போய்விடுகிறது. 1983-ல் வந்த ஒரு கதையில் இருவர் மீதும் முதுமையின் சாபம் ஏவப்படுகிறது. ஒருவன் எந்நேரமும் தரையில் கிடக்கும் குட்டிக் குட்டிப் பொருள்களைப் பொறுக்கிச் சேர்க்கிறான், இன்னொருவன் நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டு கிடக்கிறான். பொறுக்குகிறவன் மௌசர். நான் படித்துக்கொண்டிருந்தபோது மேஜை மேல் என் பழைய மின்கட்டண ரசீதுகள் வருஷ வாரியாக அடுக்கி வைத்திருந்தன. 'லீன் டைம்ஸ்' கதையையும் மறுபடி படித்தேன். முதல் ரெண்டு பக்கம், அந்தக் காரணங்கள் பட்டியல் வரும் இடம். இந்த முறை சிரிப்பு வரவில்லை.

அவன் மெயில் முகவரி ஒரு பழைய நண்பரிடம் கிடைத்தது. நாக்பூரில் இருக்கிறானாம். ஒரு வாரம் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் அனுப்பியது மூன்று வரி. ஃபாஃபர்ட் என்று எழுதினால் சரிதானே, நடுவில் அந்த எழுத்து அவசியமா என்று ஒரு வரி. 2004 மார்ச்சில் என்னிடம் பணம் இருந்தது என்று ஒரு வரி. அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி.

நாலு நாள் பதில் இல்லை. சரி, தீர்ந்தது என்று நினைத்தேன். அஞ்சாம் நாள் வந்தது.

"அந்த எழுத்து வேணும். அது இல்லைன்னா அவன் பேர் இல்ல. பாஸ்புக்கை உனக்குத் தெரியணும்னுதான் மேல வச்சேன். நீ ஏதாவது கேப்பேன்னு பத்து நாள் பாத்தேன். அப்பா 2011-ல போயிட்டாரு. ஆபரேஷனுக்கப்புறம் ஏழு வருஷம் நல்லா இருந்தாரு, தோட்டம் எல்லாம் போட்டாரு. புத்தகம் இங்கதான் இருக்கு, அட்டை போச்சு. மக படிக்கா. எனக்கு இருவது ரூவா தரணும்னா தந்துருதேன்."

இதை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். 'பத்து நாள் பாத்தேன்' என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறேன். தங்கமணியிடம் அன்றுதான் உண்மையைச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, டோக்கன் கதைக்குச் சிரித்த மாதிரியும் இல்லை. "எழுபத்தோராயிரமா இருந்தது? எங்கப்பாகிட்ட அம்பதுன்னுதானே சொன்னீங்க" என்று மட்டும் கேட்டாள்.

டிசம்பரில் மகளுக்கு இங்கே ஒரு நேர்முகத் தேர்வு. ரெண்டு பேரும் நாக்பூரிலிருந்து வருகிறார்கள். விடுதி வேண்டாம், வீட்டுக்கே வா என்று எழுதினேன். "சரி பூனை" என்று பதில். இப்போது வீட்டில் ஓடுகிற பேச்சு, ஆறடி ரெண்டங்குலத்தை எங்கே படுக்க வைப்பது என்பது. ஹாலில் இருக்கும் சோபா காணாது. பையனின் கட்டில் ஆறடிதான், அதுவும் ஒரு கால் ஆடுகிறது. சனிக்கிழமை தச்சரை வரச் சொல்லியிருக்கிறேன். நெட்டையன் கட்டிலோடு எழுந்து தெருவுக்கு வந்தான் என்றால் எங்கள் காலனி தாங்காது.